பட்டிக்காரரின் காதுப் புண்ணும் வாடி நாயும்: படுவான்கரையிலிருந்து ஒரு லீஷ்மேனியாசிஸ் நிகழ்வு ஆய்வு

சிறுபோகத்துக்காக வாய்க்கால்களில் தண்ணீர் விட்டிருந்த வைகாசி மாதத்தில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை எனப்படும் பகுதியில், மண்டூருக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த 41 வயதுடைய பட்டிக்காரர், அதாவது மாட்டுப் பட்டி மேய்ப்பவர் ஒருவர், இரண்டு புண்களுடன் எங்களிடம் வந்தார். ஒரு புண் இடது காதின் வெளி விளிம்பிலும் மற்றையது இடது முழங்கைக்குச் சற்றுக் கீழேயும் இருந்தன. தை மாதக் கடைசியில் நுளம்புக்கடி போன்ற சிறிய சிவந்த பருவாகத் தொடங்கிய அவை, மாசி முழுவதும் மெல்லப் பருத்து, பங்குனியில் நடுப்பகுதி உடைந்து, காய்ந்த பொருக்கு மூடிய புண்களாக மாறியிருந்தன. நான்கு மாதங்கள் ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டபோது, "நோவுமில்ல, கடியுமில்ல டொக்டர், அதான் பாத்துக்கிட்டு இருந்துட்டன்" என்றார். மணல் ஈ காவும் லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் இந்தத் தோல் நோயை, லீஷ்மேனியாசிஸை, முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணமும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. நோவோ சொறிவோ இல்லாமல், மருந்துக்கும் மசியாமல், வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று மெதுவாக வளரும் புண்ணைச் சாதாரணச் சீழ்ப் புண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அவருடைய சம்மதத்துடன், அவரையோ அவருடைய ஊரையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்து, இந்த நிகழ்வை இங்கே பதிகிறேன். மருத்துவ ரீதியில் இது அரிதான நோயல்ல. இலங்கையின் தெற்கிலோ வடமத்தியிலோ பணிபுரியும் தோல் நோய் வைத்தியர் ஒருவர் இதை வாரந்தோறும் காணக்கூடும். எனினும் மட்டக்களப்பில் இது எவ்வாறு தவறவிடப்பட்டது என்பதும், பட்டியருகே அவர் இரவு தங்கும் குடிசையான வாடியில் நின்ற நாயைப் பரிசோதித்தபோது எமக்கு எழுந்த கேள்விகளும் எழுதப்பட வேண்டியவை என்று கருதுகிறேன்.

எங்களிடம் வரும் முன்னர்

முதலில் ஊரிலுள்ள விஷகடி வைத்தியர் ஒருவர் அதைச் சிலந்திக்கடி என்று கொண்டு பத்துப் போட்டிருக்கிறார். பத்துக் காய்ந்து உதிர்ந்தபோது பொருக்கும் சேர்ந்து கழன்று, புண் ஆறுவது போலத் தோன்றி, மறுபடியும் மூடிக்கொண்டது. அதன் பின்னர் இரண்டு தடவை அன்டிபயோட்டிக் மாத்திரைகள் எடுத்திருக்கிறார். எதுவும் மாறவில்லை.

பங்குனியில் காது தடித்திருப்பதைக் கண்ட மனைவிக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளருக்கென வெள்ளையர் காலத்திலேயே வைத்தியசாலை அமைக்கப்பட்ட மாவட்டம் இது. தொழுநோய் இன்றும் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்றாகவே மட்டக்களப்பு இருக்கிறது. காது தடித்தால் இங்குள்ள மூத்தவர்களின் மனம் முதலில் போவது அந்த இடத்துக்குத்தான். அவர்கள் போன சிகிச்சை நிலையத்திலும் அதே சந்தேகம் எழுந்தது. பஞ்சு நுனியால் தொடுவுணர்வைச் சோதித்து, இரு காதுச் சோணைகளிலிருந்தும் புண்ணிலிருந்தும் தோற்சுரண்டல் எடுத்து, தொழுநோய்க் கிருமிக்குரிய சாயம் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். கிருமி இல்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி, பூசுவதற்கு ஒரு களிம்பும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தொழுநோய் இல்லை என்ற முடிவு சரியானது. அதைச் சொன்னவர்கள் செய்த பரிசோதனையும் ஒழுங்கானது. ஆனால் தொழுநோய் இல்லையென்றால் இது வேறென்ன என்ற கேள்வி அந்த மேசையிலேயே நின்றுபோயிற்று. நோயாளியும் பெரும் பயம் நீங்கிய ஆறுதலில் மேலும் இரண்டு மாதங்களைக் கழித்துவிட்டார். இதை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. லீஷ்மேனியாவைத் தேடவும் எடுக்கப்படுவது அதே தோற்சுரண்டல்தான். அதே கத்தி, அதே கண்ணாடித் தட்டு, ஏறக்குறைய அதே கைப்பழக்கம். முக்கியமாக வேறுபடுவது சாயமே. தொழுநோய்க்கு சீல்-நீல்சன் சாயம், லீஷ்மேனியாவுக்கு கீம்சா சாயம். இரண்டாவது தட்டொன்றை எடுத்துக் கீம்சாச் சாயம் இட்டிருந்தால் பங்குனியிலேயே நோய் தெரிந்திருக்கும். தொழுநோயைத் தேடிப் பழகிய எங்கள் மாவட்டம் உண்மையில் இந்த விடயத்தில் ஒரு படி முன்னே நிற்கிறது. சுரண்டல் எடுக்கத் தெரிந்த கைகள் எங்களிடம் இருக்கின்றன.

பரிசோதனையும் கண்டவையும்

காதிலிருந்த புண் ஏறத்தாழ ஒன்றரை சென்ரிமீற்றர் நீளமும், கையிலிருந்தது இரண்டு சென்ரிமீற்றர் குறுக்களவும் கொண்டவை. விளிம்பு தடித்து, மேடாக, சற்று ஊதா கலந்த சிவப்பாக இருந்தது. நடுவில் எரிமலை வாய் போன்ற குழியும் அதன்மேல் இறுக்கமான பொருக்கும் இருந்தன. புண்ணின் மேலும் சுற்றியும் தொடுவுணர்வு முழுமையாக இருந்தது. காதின் பின்னாலும் முழங்கையிலும் நரம்புகள் தடிக்கவில்லை. மூக்கும் வாயும் சுத்தமாக இருந்தன. காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்ததில்லை. மண்ணீரலும் ஈரலும் கைக்குத் தட்டுப்படவில்லை. குருதிக் கல எண்ணிக்கை இயல்பாக இருந்தது.

கையிலிருந்த புண்ணின் மேடான விளிம்பை இரு விரல்களால் கிள்ளிப் பிடித்து, குருதி விலகித் தோல் வெளிறிய பின், கத்தி நுனியால் சிறிய கீறல் இட்டு, கத்தியைத் திருப்பிக் கீறலின் சுவரைச் சுரண்டி எடுத்தோம். பொருக்கிலிருந்து எடுத்தால் சீழ்க்கலங்களும் பக்றீரியாவும்தான் கிடைக்கும். விளிம்பிலிருந்தே எடுக்க வேண்டும். தட்டை மெதனோலில் நிலைப்படுத்தி, கீம்சாவில் ஊறவிட்டு, நுணுக்குக்காட்டியில் எண்ணெய் வில்லையின் கீழ் வைத்தோம். மூன்றாவது பார்வைக்களத்திலேயே தெரிந்தது. மக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிக் கலம் ஒன்று வெடிக்கும் தறுவாயில் நீர் கோத்ததுபோல் உப்பி நிற்க, அதனுள்ளே நீள்வட்ட வடிவான சிறு உருவங்கள் பதினைந்துக்கு மேல் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் 2 முதல் 4 மைக்ரோமீற்றர் வரையே இருக்கும். பக்கத்தில் கிடந்த செங்குழியத்தின் அரைவாசி அளவு. ஒவ்வொன்றினுள்ளும் ஊதா நிறமான ஒரு வட்டப் புள்ளியும், அதற்குக் குறுக்காக இன்னும் கடும் நிறத்தில் ஒரு சிறு கோடும் இருந்தன. புள்ளி கரு, கோடு கினெற்றோபிளாஸ்ட் எனப்படும் டி.என்.ஏ திரள். அந்தப் புள்ளியும் கோடும் சேர்ந்து தெரிந்தால் மட்டுமே லீஷ்மேனியா என்று சொல்லலாம். புள்ளி மட்டும் தெரிந்தால் அது சாயக் கறையாகவோ குருதிச் சிறுதட்டாகவோ இருக்கலாம். தட்டை என்னுடன் பார்த்த ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் அதுவரை படத்தில் மட்டுமே இதைக் கண்டவர். அன்று மாலை வரை அந்தத் தட்டை அவர் வேறெவருக்கும் கொடுக்கவில்லை.

காதுப் புண்ணிலிருந்து எடுத்த தட்டில் நெடுநேரம் தேடிய பின்னரே இரண்டு மூன்று உருவங்கள் கிடைத்தன. புண் பழசாகப் பழசாக ஒட்டுண்ணியின் எண்ணிக்கை குறையும். எனவே பல மாதங்கள் கழித்து எடுக்கும் சுரண்டலில் ஒன்றும் தென்படாவிட்டால் நோய் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அப்படிப்பட்ட இடங்களில் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் பரிசோதனை தேவைப்படுகிறது. இவருக்கு அது தேவைப்படவில்லை.

எந்த ஒட்டுண்ணி

இந்த உருவங்களை முதலில் கண்டு விபரித்தவர்களில் ஒருவர் சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் பணிபுரிந்த சார்ள்ஸ் டொனோவன். 1903ஆம் ஆண்டில், மண்ணீரல் வீங்கிக் காய்ச்சலுடன் கிடந்த நோயாளரின் மண்ணீரல் சாற்றில் அவர் இவற்றைக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் லீஷ்மன், கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் நோயுற்றுப் பின்னர் இறந்த படையினர் ஒருவரின் மண்ணீரலில் கண்டவற்றை வெளியிட்டார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டொனோவானி என்று பெயரிட்டவர் ரொனால்ட் ரொஸ். வட இந்தியாவிலும் நேபாளத்திலும் வங்காளதேசத்திலும் இந்த இனம் உண்டாக்குவது காலா அசார் எனப்படும் உள்ளுறுப்பு நோய்; சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறைய எல்லோரையும் கொல்லும் நோய்.

இலங்கையின் புதிர் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளூரிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியாசிஸ் இங்கு முதன்முதலாக 1992இல் அம்பாந்தோட்டை மாவட்டத்திலிருந்து பதிவாயிற்று. 2001க்குப் பின்னர், வடக்கின் காடுகளில் கடமையாற்றிய படையினரிடையே அது பெருந்தொகையில் காணப்பட்டது. 2008இல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோலில் மட்டும் நிற்கும் நோய் என்பதால் வேறொரு இனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, 2003இல் வெளியான ஆய்வு இது லீஷ்மேனியா டொனோவானியேதான் என்று காட்டியது. மொன்-37 என்று வகைப்படுத்தப்படும் உபவகை. பீகாரில் மண்ணீரலுக்குள் போகும் அதே இனம் இங்கே தோலோடு நின்றுவிடுகிறது. ஏன் என்பதற்கு மரபணு ஆய்வுகள் பகுதியளவான விடைகளைத் தந்திருக்கின்றன. இலங்கை மாதிரிகள் சிலவற்றில் லீஷ்மேனியா மேஜர், லீஷ்மேனியா ட்ரொப்பிக்கா ஆகிய வேறு இனங்களின் மரபுக்கூறுகள் கலந்திருப்பதும் முழு மரபணு வாசிப்பில் தெரியவந்துள்ளது. எனினும் 2007 முதல் உள்ளுறுப்பு நோயும் இங்கு ஒன்றிரண்டாகப் பதிவாகியிருப்பதால், தோற்புண்ணுடன் வருபவரின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலும் காய்ச்சல் பற்றிக் கேட்காமலும் அனுப்பிவிட முடியாது.

சிகிச்சை

கைப் புண்ணுக்கு சோடியம் ஸ்டிபோகுளுகோனேட் என்னும் அந்திமனி மருந்தைப் புண்ணின் விளிம்பைச் சுற்றி, தோல் வெளிறும் வரை வாரம் ஒரு முறை ஏற்றினோம். காது குருத்தெலும்பின் மேல் இழுத்துக் கட்டியதுபோல் தோல் கொண்ட இடம். அங்கே ஊசி ஏற்றுவது கடும் நோவு தரும் என்பதால் திரவ நைதரசனால் உறைய வைத்தோம். ஒட்டுண்ணி அதிக வெப்பத்தையும் தாங்காது. 50 பாகை செல்சியஸ் வெப்பத்தை 30 செக்கன்களுக்குப் புண்ணின்மேல் செலுத்தும் கருவி இலங்கையிலும் பரிசீலிக்கப்பட்டு நல்ல பலன் தந்திருக்கிறது. ஒரே தடவையில் முடிந்துவிடக்கூடிய அச்சிகிச்சை படுவான்கரை நோயாளருக்கு மிகவும் உகந்தது என்பது என் எண்ணம். ஏனென்றால் வாரந்தோறும் வருவது என்பது இவருக்கு எளிதான காரியமாக இருக்கவில்லை. விடியப் பால் கறந்து, பால் சேகரிப்பவரிடம் கொடுத்துவிட்டு, மண்டூரில் பாதை எனப்படும் வாவி கடக்கும் மிதவையில் ஏறிக் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வர வேண்டும். காற்று வீசிய நாளில் பாதை ஓடாது. ஒரு முறை பசு ஈனும் நாளாகப் போயிற்று. ஆக எட்டு வாரச் சிகிச்சை பதினொரு வாரமாக நீண்டது. அதற்காக அவரை நான் ஒரு நாளும் கடிந்துகொள்ளவில்லை. வராத கிழமைகளில் தொலைபேசியில் அழைத்தேன், அவ்வளவுதான்.

எங்கே தொற்றியது

நோயை உறுதிப்படுத்தியதும் அறிவித்தல் படிவம் அனுப்பினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவருடைய வீட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தார். வீட்டில் வேறெவருக்கும் புண் இல்லை. மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அயலவருக்கும் இல்லை. இது எங்களை வீட்டைவிட்டு வெளியே பார்க்கச் செய்தது.

படுவான்கரையில் பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது மாடுகள் வயல் வெளிகளில் நிற்க முடியாது. வேளாண்மை வெட்டி முடியும் வரை பட்டிகள் மாவட்டத்தின் மேற்கெல்லைக் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்க்கப்படும். இவரும் ஐப்பசி முதல் மாசி வரை, நூற்றுக்கு மேற்பட்ட மாடுகளுடன் அங்கேதான் இருந்தார். பொலன்னறுவை மாவட்டம் அங்கிருந்து தொலைவில் இல்லை. அது இந்நோய் நிலைத்துவிட்ட மாவட்டங்களில் ஒன்று. தொற்றிலிருந்து பரு தோன்றும் வரை வாரங்கள் முதல் மாதங்கள் வரை செல்லும் என்பதால், தை மாதப் பரு அந்த மேய்ச்சல் தரையையே சுட்டுகிறது. ஆனால் அறிவித்தல் படிவத்தில் நிரப்பப்படுவது நோயாளியின் வதிவிடம். ஆகவே எல்லைக் காட்டில் தொற்றிய நோய் வாவியோரக் கிராமத்தின் கணக்கில் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் லகுகல, பொத்துவில் பக்கம் மொனராகலை எல்லையில் காடு ஏறி வருபவர்களைப் பார்க்கும் வைத்தியர்களுக்கும் இதே சிக்கல் நேரும். எங்கே படுத்தீர்கள் என்ற கேள்வி எங்கே வசிக்கிறீர்கள் என்ற கேள்வியைவிட இந்நோயில் முக்கியமானது.

அந்தக் கேள்வியை நான் கேட்டேன். பட்டியடியிலிருந்து சில அடி தள்ளி, ஓலை வேய்ந்த வாடியில், மண் திட்டின்மேல் சாக்கு விரித்து, வலப்பக்கமாகச் சரிந்து படுப்பது அவர் வழக்கம். வலது காது கையின்மேல் அமர்ந்திருக்க, இடது காதும் இடது கையும் இரவு முழுவதும் வெளியே கிடந்திருக்கின்றன. புண்கள் இரண்டும் அந்தப் பக்கத்தில் அமைந்ததற்கு வேறு விளக்கம் தேட நான் முயலவில்லை.

நோயைக் காவுவது பிளெபோட்டோமஸ் ஆர்ஜென்டிபெஸ் என்னும் மணல் ஈ. பெயரில் ஈ என்றாலும் வீட்டு ஈக்கும் அதற்கும் தோற்றத்தில் ஒற்றுமையில்லை. 3 மில்லிமீற்றரைத் தாண்டாத, மயிர் அடர்ந்த, வைக்கோல் நிறப் பூச்சி. அமரும்போது இரு சிறகுகளையும் முதுகுக்கு மேலே வி வடிவில் நிமிர்த்தி வைத்திருக்கும். நுளம்பைப் போல் காதருகே பாடாது. நன்றாகப் பறக்கவும் தெரியாது. குட்டிக் குட்டித் தாவல்களாக நிலத்தை ஒட்டியே நகரும். அந்தி முதல் விடியல் வரை பெண் ஈ மட்டுமே குருதி குடிக்கும். ஈரமும் மக்கும் பொருளும் கலந்த மண், சாணக் குவியல், மரப்பொந்து, கறையான் புற்று ஆகியவை அது முட்டையிடவும் பகலில் ஒதுங்கவும் ஏற்ற இடங்கள். பட்டியடி என்பது இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைத்த இடமாகும். அந்தியில் மாடுகளுக்காகப் போடும் புகைமூட்டம் எரியும் வரை ஓரளவு காக்கும். நடுச்சாமத்தில் அது அணைந்து, சாம்பல் மட்டும் மிஞ்சும்போதுதான் மனிதர் ஆழ்ந்து உறங்குகிறார்கள். அவரிடம் நுளம்பு வலை இருந்தது. சாதாரண நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால் மணல் ஈ நுழைந்துவிடும். மருந்தூட்டிய வலையோ நெருங்கிய கண் கொண்ட வலையோ தேவை.

வாடி நாய்

மூன்றாவது வாரம் ஊசிக்கு வந்தபோது அவராகவே ஒரு விடயத்தைச் சொன்னார். வாடியில் தன்னுடன் நின்ற இரண்டு நாய்களில் ஒன்று கண்ணைச் சுற்றி மயிர் கொட்டி, மெலிந்து, மூக்கு மேல் பொருக்குத் தட்டிப் போயிருக்கிறது, தனக்கு வந்ததுதான் அதற்கும் வந்ததோ என்று கேட்டார். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் லீஷ்மேனியா இன்பான்ரம் தொற்றிய நாய்களைப் பற்றிப் படித்த எவருக்கும் அந்த விபரிப்பு நெஞ்சில் தைக்கும். கண்ணைச் சுற்றிய மயிருதிர்வு, செதில் செதிலான தோல், உடல் மெலிவு, நீண்டு வளைந்த நகங்கள், மூக்கிலிருந்து குருதி என்பன அங்குள்ள நாய் நோயின் அறிகுறிகள். அந்த நாடுகளில் நாயே அந்த ஒட்டுண்ணியின் முதன்மைக் களஞ்சியம், அதாவது ஒட்டுண்ணி நிலைத்து நின்று பிறருக்குப் பரவும் இருப்பிடம்.

மிருக வைத்தியரான நண்பர் ஒருவருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போனேன். நாய் வீட்டு முற்றத்தில் வைக்கோல் போருக்குக் கீழே கிடந்தது. பட்டிக்காரர் அதன் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பரிசோதனை முடியும் வரை அது ஒரு தடவை கூடப் பல்லைக் காட்டவில்லை. காதுமடலுக்குள் உண்ணி நிறைந்திருந்தது. தாடையின் கீழ் நிணநீர்க்கணுக்கள் வீங்கியிருந்தன. நகங்கள் இயல்பாகத் தேய்ந்திருந்தன. தோலை ஆழமாகச் சுரண்டி எடுத்ததில், சுருட்டு வடிவான டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணிகள் தெளிவாகத் தெரிந்தன. கண்ணைச் சுற்றிய மயிருதிர்வுக்கு அதுவே போதுமான காரணம். நிணநீர்க்கணுவில் ஊசி ஏற்றி எடுத்த சாற்றைக் கீம்சாச் சாயம் இட்டு, நண்பரும் நானும் தனித்தனியாக ஆயிரம் பார்வைக்களங்கள் வரை பார்த்தோம். லீஷ்மேனியா இல்லை. கணு வீக்கத்துக்கு உண்ணி காவும் எர்லிக்கியா, பபேசியா போன்ற தொற்றுகளும் காரணமாகலாம். அவை எங்கள் நாய்களில் சாதாரணமானவை.

அப்படியானால் நாய்க்குத் தொற்று இல்லையா? நுணுக்குக்காட்டிக்குத் தென்படவில்லை என்று மட்டுமே எங்களால் எழுத முடிந்தது. மனிதரின் மாதிரியை அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்ப எமக்குப் பழகிய பாதை ஒன்று இருக்கிறது. எந்தப் படிவம், எந்தக் குழாய், எவருக்கு என்பதெல்லாம் தெரியும். நாயின் மாதிரிக்கு அப்படியொரு பாதை எங்களிடம் இருக்கவில்லை. மனிதரையும் விலங்கையும் ஒரே நோயின் இரு பக்கங்களாகப் பார்க்க வேண்டும் என்று சொல்வதில் அனைவரும் உடன்படுகிறோம். ஆனால் ஒரு சொட்டுச் சாறு எந்த மேசைக்குப் போவது என்ற இடத்தில் அந்த உடன்பாடு நின்றுவிடுகிறது.

பி.சி.ஆர் செய்து ஒட்டுண்ணியின் மரபணு கிடைத்திருந்தாலும்கூட, அந்த நாயிடமிருந்துதான் இவருக்கு நோய் வந்தது என்று நான் எழுதியிருக்கமாட்டேன். விலங்கு ஆய்வுகளை வாசிக்கும்போது இந்த இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு விலங்கின் குருதியில் எதிருடல் இருப்பது, அது எப்போதோ ஒட்டுண்ணியைச் சந்தித்தது என்பதை மட்டுமே காட்டும். உறவு ஒட்டுண்ணியான டிரிபனோசோமாவுக்கு எதிரான எதிருடலும் சில பரிசோதனைகளில் அப்படியே தோன்றிவிடும். மரபணு கிடைத்தால் ஒட்டுண்ணி உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். உயிருடன் நிலைத்திருக்கிறது என்று பொருளல்ல. மணல் ஈ கடிக்கும் விலங்குகள் எல்லாவற்றுக்குள்ளும் சில ஒட்டுண்ணிகள் போய்ச் சேரும். அவற்றில் பல அங்கேயே மடிந்துவிடும். நேபாளத்தில் ஆடுகளிலும் வங்காளதேசத்தில் தெருநாய்களிலும் லீஷ்மேனியா டொனோவானியின் மரபணு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இலங்கை நாய்களிலும் தொற்றின் தடயங்கள் பதிவாகியுள்ளன. இவை மதிப்புள்ள ஆய்வுகள். எனினும் ஒரு விலங்கைக் களஞ்சியம் என்று அழைக்க, அதன் தோலிலோ குருதியிலோ ஒட்டுண்ணி நெடுங்காலம் தங்க வேண்டும், அதை மணல் ஈ விரும்பிக் கடிக்க வேண்டும், அந்தக் கடியின்போது ஒட்டுண்ணி ஈக்குள் போய் அங்கே பெருக வேண்டும், அது மனிதரில் உள்ள அதே உபவகையாகவும் இருக்க வேண்டும்.

கடியின்போது ஒட்டுண்ணி ஈக்குள் போய்ப் பெருகுகிறதா என்பதைச் சோதிக்க ஒரே வழி, ஆய்வுகூடத்தில் வளர்த்த தூய மணல் ஈக்களை அந்த விலங்கின்மேல் குருதி குடிக்கவிட்டு, சில நாட்கள் கழித்து ஈயின் குடலைப் பிரித்துப் பார்ப்பது. பீகாரில் மனிதரில் இவ்வாறு செய்தபோது, காலா அசார் நோயாளரும், காலா அசார் குணமாகிய பின் தோல் நோய் கண்டவர்களும் ஈக்களுக்குத் தொற்றைக் கொடுத்தனர். தொற்று இருந்தும் அறிகுறியற்றவர்களாக இருந்தோரிடமிருந்து ஈக்களுக்குத் தொற்றவில்லை. தொற்றுள்ளவர் எல்லோரும் பரப்புபவர் அல்லர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இலங்கையின் நாய்க்கும் மாட்டுக்கும் எலிக்கும் இதே அளவு தெளிவான விடை வேண்டும்.

மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மணல் ஈ மாட்டுக் குருதியை மிக விரும்புவது. அதனால் மாடு மனிதருக்கு விழ வேண்டிய கடியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது என்று வாதிடலாம். மாடு நிறையக் குருதி கொடுத்து ஈக்களைப் பெருக்குகிறது, அதன் சாணம் குஞ்சுகளுக்கு இடமளிக்கிறது என்றும் வாதிடலாம். இரண்டும் ஒரே பட்டியில் ஒரே இரவில் நடக்கலாம். மாட்டின் பங்கு ஒட்டுண்ணியைவிட ஈயைச் சார்ந்தது என்பதே என் கருத்து. எனவே பட்டிக்காரருக்கு நாங்கள் சொன்னதும் மாட்டைப் பற்றியதாக இருக்கவில்லை: வாடியைப் பட்டியடியிலிருந்து தள்ளிக் கட்டுவது, தரையில் படுக்காமல் பரணில் படுப்பது, அந்திக்குப் பின் நீளக் கைச்சட்டை அணிவது, மருந்தூட்டிய வலை கட்டுவது.

எங்களால் நேர்ந்த தவறு

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கையால் நடந்த ஒரு தவற்றை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வைத்தியர்கள் வந்து நாயின் கழுத்தில் ஊசி ஏற்றியதை வேலிக்கு மேலால் ஊரே பார்த்தது. என்ன தேடுகிறோம் என்பதை நாங்கள் பட்டிக்காரருக்கு மட்டுமே விளக்கினோம். மறுவாரம் அவர் வந்தபோது, அயலில் இரண்டு வீட்டார் தங்கள் நாய்களைச் சாக்கில் கட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றிக் காட்டோரத்தில் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒன்று குட்டி ஈன்றிருந்த பெட்டை. நோய் நாயால் வருகிறது என்று நாங்கள் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. காட்டோரத்தில் விடப்பட்ட நாய், மணல் ஈ உள்ள இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்ட நாய் என்பதை எண்ணும்போது மனம் இன்னும் கனக்கிறது.

நாயே உறுதியான களஞ்சியமாக இருக்கும் பிரேசிலிலும் கூட, தொற்றுள்ள நாய்களைப் பெருந்தொகையாகக் கொன்றதால் மனித நோய் எதிர்பார்த்தபடி குறையவில்லை. கொல்லப்பட்ட நாயின் இடத்துக்கு மக்கள் புதிய குட்டியைக் கொண்டு வந்தார்கள். அந்தக் குட்டி தொற்றுக்கு இன்னும் எளிதில் ஆளானது. ஈரானில் நாய்களுக்கு டெல்டாமெத்ரின் என்னும் பூச்சிகொல்லி ஊட்டிய கழுத்துப்பட்டி கட்டிய கிராமங்களிலோ, நாய்களில் மட்டுமன்றிப் பிள்ளைகளிலும் தொற்றுக் குறைந்தது. இந்த இரண்டு அனுபவங்களையும் நான் அடுத்த கிழமை மண்டூர் போய், கோயில் வீதியில் கூடியிருந்தவர்களிடம் எடுத்துச் சொன்னேன். ஒரு வயோதிப அம்மா, "அப்ப நாய அடிக்கத் தேவல்ல, ஈயத்தான் பாக்கணும் என்ன மனே" என்று கேட்டார். ஆம் என்றேன். பெட்டை நாயை அதன் உடையவர் தேடிப் போய்க் கொண்டுவந்தார். மற்ற நாய் கிடைக்கவில்லை.

பின்தொடர்தல்

பதினொராவது வாரத்தில் கைப் புண் மூடி, பளபளப்பான, சற்றுக் குழிந்த வடு மட்டும் மிஞ்சியது. காதின் புண் மேலும் ஒரு மாதம் எடுத்தது. அதன் விளிம்பில் சிறு வெட்டுப் போன்ற குறை நிற்கும். ஆறாவது மாதத்தில் பார்த்தபோது புதிய புண் எதுவும் இல்லை, மண்ணீரல் பெருக்கவில்லை, காய்ச்சல் இல்லை. நண்பர் கொடுத்த மருந்தில் வாடி நாயின் கண்ணைச் சுற்றி மயிர் திரும்ப வளர்ந்திருந்தது. தாடைக் கணுக்கள் சற்றே சிறுத்திருந்தன.

அவர் மறுபடியும் பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போகும் காலமாக இருந்தது. வாடியைப் பட்டியடியிலிருந்து தள்ளிக் கட்டச் சம்மதித்தார். ஆனால் மிகத் தள்ளிக் கட்ட முடியாது, யானை வந்தால் மாட்டின் சத்தம் கேட்காது என்றார். பரணும் வலையும் சரி. நாயையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். கழுத்துப்பட்டியுடன் போகட்டும் என்று நண்பர் ஒன்றைக் கட்டிவிட்டார். நாயின் கணுச் சாற்றின் மீதி, அற்ககோல் நிரப்பிய சிறு குழாயில், எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில், பட்டிக்காரரின் கண்ணாடித் தட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரே இலக்கத்தின் கீழ் இருக்கிறது.